கரை விடுதியில் படுக்கை விரித்தவர்

"எதைப் பத்தியாம் புத்தகம்?" என்று பெரியம்மா கேட்டார். கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. அவர் நின்றபடியே மடித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்குவாட்ரனைப் பத்தி. கடைசிக் கப்பலையும் நிறுத்திட்டு நீர்மூழ்கிப் பிரிவையே மூடப் போறாங்க இல்ல, அதுக்காக ஒரு வரலாறு. ரிட்டையர் ஆன கேப்டன் ஒருத்தர் எழுதியிருக்கார். அதை நம்ம மொழியில கொண்டுவர்ற வேலையை எங்க பதிப்பகத்துல என்கிட்ட குடுத்திருக்காங்க."

"சரி. அதுக்கு நான் எதுக்கு?"

"கரை விடுதியைப் பத்தி அவர் ரெண்டே வரிதான் எழுதியிருக்கார். எங்க பெரியம்மா அங்கதான் வேலை பார்த்தாங்கன்னு சொன்னேன். அப்போ கேட்டு எழுதிட்டு வாங்கன்னார்."

"அந்த ரெண்டு வரியைப் படி."

படித்தேன். "பணி முடிந்து திரும்பும் மாலுமிகள் முதல் இரவைக் கரை விடுதியில் கழிப்பது மரபாக இருந்தது. அங்கே அவர்களுக்காகத் தூய்மையான படுக்கைகள் ஆயத்தமாக இருந்தன."

"ஆயத்தமா இருந்தனவா!" என்று பெரியம்மா கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "தானாவே இருந்துச்சாமா? மெத்தை எல்லாம் முட்டையிலேர்ந்து பொரிஞ்சு வந்துச்சாமா?"

"அதனாலதான் கேக்க வந்தேன்."

"ரெண்டு மொழி படிச்சிருக்கே, ரெண்டுலயும் வாயைத் திறக்க மாட்டே. இன்னிக்கு என்னமோ கேள்வி கேக்கிறே. சரி, அந்த முனையைப் பிடி."

விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்னால் போய், ஒரு சுண்டு சுண்டி, எதிரே நடந்து வந்து என் கையில் இருந்ததையும் வாங்கிக்கொண்டார். "உங்க அப்பா இதைவிட நல்லாப் பிடிப்பார்" என்றார்.

"ஒரு கப்பலுக்கு எத்தனை படுக்கை விரிப்பீங்க பெரியம்மா?"

"எந்தக் கப்பலுக்கு? கிழவிக்கா, முரடனுக்கா, மகராணிக்கா?"

"மூணும் வேற வேறயா?"

"மூணும் மூணு உலகம்டி. கிழவியில உள்ளே ரெண்டு ஆளுக்கு ஒரு படுக்கை. ஒருத்தன் வேலைக்குப் போனா அடுத்தவன் வந்து அதே மெத்தையில விழுவான். மெத்தை ஆறவே ஆறாது. கரைக்கு வந்தா இங்க ஆளுக்கு ஒரு கட்டில் போட்டு வச்சிருப்பேன். ஆனா ஒருத்தன் படுத்துத் தூங்குவான், அவனோட ஜோடி பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருப்பான். என்னப்பா உக்காந்திருக்கேன்னா, 'அவன் எழுந்திரிக்கட்டும் அக்கா'ம்பான். எதிர்லயே காலிக் கட்டில் அவனைப் பார்த்துக்கிட்டு இருக்கும்!"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தத் தைரியத்தில் கேட்டேன்: "முரடன் தாமதமா வந்துச்சே, நான் பிறக்கறதுக்கு முன்னாடி. அதைப் பத்தி..."

பெரியம்மாவின் கை நிற்கவில்லை. ஒரு தலையணை உறையை மடித்தார். அதைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அதை உங்க அம்மாகிட்ட கேளு."

"அம்மா பேச மாட்டாங்க."

"அப்போ நானும் பேச மாட்டேன். டீ ஆறுது பாரு, குடி."

அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

என் அம்மாவும் பெரியம்மாவும் உடன்பிறந்தவர்கள். இரண்டு வீடுகளுக்கும் நடுவே இரண்டு பேருந்து நிறுத்தம்தான். நான் பிறந்ததிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டதில்லை. சண்டை என்று சொல்லும்படி சத்தம் எதுவும் கிடையாது. நான் பெரியம்மா வீட்டுக்குப் போவதை அம்மா தடுத்ததில்லை. திரும்பி வந்தால், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பார். என்ன சாப்பிட்டேன் என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்டுக்கொள்வார். ஆனால் "அக்கா" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "உங்க பெரியம்மா" என்பார். எங்கேயோ தூரத்து உறவைச் சொல்வதுபோல.

பெரியம்மாவோ எங்கள் வீட்டைப் பற்றி எல்லாவற்றையும் என்னிடம் கேட்பார், அம்மாவைப் பற்றித் தவிர. அம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால், "வீட்டுல எல்லாருக்கும் உடம்பு சரியா இருக்கா?" என்பார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் இருப்பேன். "எல்லாரும் நல்லா இருக்காங்க அண்ணி" என்பார் அப்பா.

நீர்மூழ்கிப் பிரிவில் எல்லோரும் பெரியம்மாவை "பெட்ஷீட் அக்கா" என்றுதான் அழைத்தார்கள். தளபதிகள்கூட அப்படித்தான். பெற்றோர் இருவரும் போன பிறகு, தங்கையைப் படிக்க வைக்க வேண்டுமே என்று துறைமுகத்தில் வேலை கேட்டுப் போனவர் அவர். கரை விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். விடுதி என்பது பெரிய பெயர். முன்பு கயிறும் சங்கிலியும் போட்டு வைத்திருந்த நீண்ட கிடங்கு அது. இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள், சாம்பல் நிறப் பெயின்ட், கடலைப் பார்க்காமல் மதிலைப் பார்க்கும் ஜன்னல்கள். கடலிலிருந்து வருகிறவர்களுக்குக் கடலைக் காட்டக் கூடாது என்று யாரோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பார் பெரியம்மா. கயிற்றுக் கிடங்குக்கு ஜன்னல் எதற்கு என்று யாருமே யோசித்திருக்க மாட்டார்கள் என்பார் அப்பா.

பெரியம்மா வேலையில் சேர்ந்தபோது பிரிவில் ஒரே ஒரு கப்பல்தான். வேறொரு நாட்டிடமிருந்து பழையதாக வாங்கியது. உள்ளே கதவிலும் குழாயிலும் எழுதியிருந்த எழுத்து இங்கே யாருக்கும் தெரியாதாம். எது திறக்கும் எது மூடும் என்பதைக் கையால் தொட்டுத் தொட்டு மனப்பாடம் செய்தார்கள். மூட்டுக்கு மூட்டு சத்தம் போடும். அதனால் கிழவி. சில வருடங்கள் கழித்து இரண்டாவது கப்பல் வந்தது. திருப்பினால் ஒரு பக்கம் திமிறும். அது முரடன். மகராணி வெகுகாலத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டி வாங்கியது. அதில்தான் முதன்முறையாக ஆளுக்கொரு படுக்கை. கேப்டனின் புத்தகத்தில் இந்த மூன்று கப்பல்களின் நீளமும் எடையும் வேகமும் இருக்கின்றன. பெரியம்மாவுக்கு அவை விரிப்புகளின் வாசனையாக நினைவிருந்தன. கிழவியில் வந்தவர்களின் விரிப்பைச் சோடா போட்டு இரண்டு முறை கொதிக்க வைத்தாலும் டீசல் போகாது. முரடனுடையது ஒரு கொதிக்குத் தெளியும். மகராணியில் வந்தவர்களின் துணியில் சோப்பு வாசனையே வந்ததாம். "கப்பல்லேர்ந்து வர்றாங்களா, கல்யாணத்துலேர்ந்து வர்றாங்களான்னு தெரியல" என்றார். எதற்கும் உதவாமல் கிழிந்த விரிப்புகள் எண்ணெய் துடைக்கும் துணியாகி மறுபடி கப்பலுக்கே போகும்.

வந்து படுப்பவர்களின் பழக்கங்களும் அவருக்கு அத்துப்படி. கடலுக்குக் கீழே இருக்கும்போது காற்று இயந்திரத்தின் சத்தம் நின்றால் அது ஆபத்து. அதனால் எவ்வளவு குளிரானாலும் விடுதியில் மின்விசிறி ஓட வேண்டும். ஒருநாள் மின்சாரம் போய் விசிறிகள் நின்றபோது, அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்களாம். மகராணியில் ஒரு பெண் அதிகாரி முதன்முதலாகக் கடலுக்குப் போய்த் திரும்பியதையும் பெரியம்மா பார்த்திருக்கிறார். அந்தப் பெண் வந்து, "அக்கா, எனக்கு எந்தக் கட்டில்?" என்று கேட்டாளாம். மூலையில் ஒரு கட்டிலுக்குத் திரை தைத்துக் கட்டி வைத்திருந்தார் பெரியம்மா. "நான் பாட்டுக்குத் திரை எல்லாம் தச்சு வச்சிருக்கேன், அவ செருப்பைக்கூடக் கழட்டாம விழுந்து தூங்கிட்டா. நான்தான் கழட்டி வச்சேன்" என்றார்.

அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அந்தக் கிடங்கில்தான். அப்பா முரடனில் என்ஜின் அறையில் இருந்தார். மற்றவர்கள் எழுந்ததும் விரிப்பை அப்படியே உதறிவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். இவர் மட்டும் நான்காக மடித்து, மேலே தலையணை உறையை வைத்துவிட்டுப் போவார். இரண்டு வருடம் இதைப் பார்த்துவிட்டு பெரியம்மா ஒருநாள் கேட்டிருக்கிறார்: "தம்பி, உங்க வீட்டுல உங்களுக்குப் பொண்ணு பார்க்கிறாங்களா?"

"விரிப்பை மடிச்சதுக்கு ஒரு பொண்ணைக் கட்டி வச்ச ஒரே குடும்பம் உங்க அம்மா குடும்பம்தான்" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வீட்டில் ஒரு விரிப்பையும் மடித்ததில்லை என்பது அம்மாவின் புகார்.

இனி சொல்ல வேண்டியதை நான் அம்மா, அப்பா, பெரியம்மா மூன்று பேரிடமிருந்து துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தேன். பேச மாட்டார் என்று நான் நினைத்திருந்த அம்மாவும், கேட்டபோது சொன்னார்.

நீர்மூழ்கி எப்போது போகும், எப்போது வரும் என்று வீட்டாருக்குச் சொல்ல மாட்டார்கள். மனைவிமார் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் கப்பல் வரும் நாளுக்கு முந்தின நாள் கரை விடுதியில் படுக்கை விரித்தாக வேண்டும். ஆகவே சமையல் கட்டுக்கும் விடுதிக்கும் மட்டும் ஒரு நாள் முன்னால் தெரியும். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பெரியம்மா மூச்சு விடவில்லை. படுக்கை விரித்துவிட்டு மாலையில் நேராகத் தங்கை வீட்டுக்கு வருவார். ஒன்றும் பேசாமல் கட்டில் விரிப்பை உருவுவார், தலையணை உறைகளைக் கழற்றுவார், துவைத்துக் கொடியில் போடுவார். போய்விடுவார். அம்மாவும் ஒன்றும் கேட்க மாட்டார். மறுநாள் காலையில் தலை வாரி, நல்ல புடவை கட்டி, துறைமுக வாசலுக்குப் போய் நிற்பார். முதல் இரவு விடுதியில் என்றாலும், வாசலில் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கொஞ்ச நேரம் பேச விடுவார்கள்.

இருவரும் இதைப் பற்றி ஒருமுறைகூட வாய் திறந்து பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் கையெழுத்துக்குத் துரோகம். பேசாததால் அது வெறும் துணி துவைப்பு.

அம்மா என்னைச் சுமந்திருந்த வருடம். மாதம் ஏறிவிட்டது. எழுந்து நடமாடக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பெரியம்மா தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து தங்கையோடு தங்கினார். ஒரு மாலை வேலையிலிருந்து வந்ததும் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு விரிப்பை உருவினார். துவைத்தார். கொடியில் போட்டார். அம்மா அன்றைக்குச் சிரித்துக்கொண்டே தூங்கியதாகப் பெரியம்மா சொன்னார்.

மறுநாள் முரடன் வரவில்லை.

கப்பல் தினமும் அனுப்ப வேண்டிய செய்தி வரவில்லை. தேட இரண்டு கப்பல்கள் கிளம்பின. ஊரில் பயிற்சி என்று சொன்னார்கள். மதியத்தில் ஸ்டோர் அதிகாரி விடுதிக்கு வந்து, "விரிச்சதை எல்லாம் எடுத்துடுங்க. ஏன்னு கேக்காதீங்க" என்றார். கடல் காற்றில் ஒரே நாளில் விரிப்பு பிசுபிசுத்துப் போகும். கப்பல் வரும் நாள் தள்ளிப்போனால் எடுத்து வைப்பதுதான் வழக்கம். ஆனால் நாள் தள்ளிப்போனால் அடுத்த நாள் எது என்று சொல்வார்கள். அன்றைக்குச் சொல்லவில்லை. பெரியம்மா கட்டில் கட்டிலாக விரிப்பை எடுத்தார். விடுதித் துணிகளைச் சலவைக்கு ஏற்றிப்போகும் துணி வண்டிக்காரர் வாங்கி அடுக்கினார். அப்பாவின் கட்டில் எந்த வரிசையில் என்று இருவருக்கும் தெரியும். அதன் விரிப்பையும் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நல்ல புடவையில்.

"அக்கா, இன்னிக்கு வரலையே?" என்றார். அந்த இரண்டு பேருக்குள் முதன்முறையாக அந்தக் கேள்வி வாயால் கேட்கப்பட்டது.

"யாரு?" என்றார் பெரியம்மா.

"நேத்து நீ பெட்ஷீட் துவைச்சியே."

"அழுக்கா இருந்துச்சு, துவைச்சேன். அதுக்கென்ன இப்போ?"

அம்மா கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தையே பார்த்தாராம். பிறகு எழுந்து போய்ப் பழைய புடவைக்கு மாறிக்கொண்டாராம். "எனக்கு வெக்கமா போச்சு" என்று என்னிடம் சொன்னார். "இத்தனை வருஷமா நானா என்னமோ நினைச்சுக்கிட்டு, சீவிச் சிங்காரிச்சுக்கிட்டுப் போய் நின்னிருக்கேன்போல. அவ பாட்டுக்கு அழுக்குத் துணியைத் துவைச்சிருக்கா. நான் ஒரு கிறுக்கின்னு நினைச்சேன்."

ஒரு வாரத்துக்கும் மேல் அப்படியே போனது. பெரியம்மா காலையில் வேலைக்குப் போவார், வெறும் மெத்தைகளைப் பார்ப்பார், மாலையில் வந்து சமைப்பார், தங்கையோடு உட்கார்ந்து சாப்பிடுவார். "எப்படித்தான் அவளுக்குச் சோறு இறங்குச்சோ" என்றார் அம்மா. அந்த நாட்களில் பெரியம்மாவின் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்துப் போனதை அப்பாதான் எனக்குச் சொன்னார். அம்மா அதைக் கவனித்திருக்கவில்லை. அல்லது கவனித்ததைச் சொல்லவில்லை.

முரடனுக்கு நடந்தது இதுதான்: பேட்டரி அறையில் தீ. புகையில் வானொலி அறையும் போனது. மேலே வந்து, ஓடிய ஒற்றை என்ஜினை வைத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து திரும்பியது. இரண்டு பேருக்குக் கையில் தீக்காயம். யாரும் சாகவில்லை. அதனால்தான் புத்தகத்தில் அது நான்கு வரியோடு நின்றுவிட்டது.

இழுவைப் படகுக்காரர்கள் அதைக் கண்டு சொன்னதும், "விரிங்க அக்கா, விரிங்க!" என்று ஸ்டோர் அதிகாரியே ஓடி வந்தாராம். பெரியம்மா விரித்தார். விரித்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் பறந்து வந்தார். இன்னும் யாருக்கும் சொல்ல அனுமதி வரவில்லை. வாயைத் திறக்க முடியாது. கட்டில் விரிப்பு சுத்தமாக இருந்தது. அதை உருவித் துவைத்தார். தலையணை உறைகளைத் துவைத்தார். போதாதென்று ஜன்னல் திரைகளையும் கழற்றித் துவைத்து, பிழியாமல்கூடச் சொட்டச் சொட்டக் கொடி முழுக்கத் தொங்கவிட்டார்.

அம்மா படுத்தபடி அதைப் பார்த்தார். "அழுக்கா இருக்கா?" என்றார்.

"ஆமா" என்று சொல்லவும் முடியவில்லை, "இல்லை" என்று சொல்லவும் முடியவில்லை. பெரியம்மா சும்மா நின்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் துறைமுக வாசலில் அம்மாவைத் தவிர எல்லா மனைவிமாரும் இருந்தார்கள். முதல் வெளிச்சத்திலேயே ஜீப்பை அனுப்பி வீடு வீடாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீடு கடைசித் தெருவில் இருந்தது. ஜீப் வந்து சேருவதற்குள் கப்பல் துறையைத் தொட்டுவிட்டது. "கம்பிக்கு அந்தப் பக்கம் எல்லார் பொண்டாட்டியும் நின்னாங்க. என் பொண்டாட்டியைக் காணோம்" என்றார் அப்பா. "மாசமா இருக்கறவ. உள்ளே புகைக்குள்ள இருந்தப்பகூட நான் அவ்வளவு பயப்படலைம்மா. கையைக் காலை ஆட்டிக்கிட்டு ஏதாவது வேலை இருந்துச்சு. அங்க நின்னப்பதான் என் உயிர் போச்சு."

அம்மா அவசரமாக ஒரு வண்டி பிடித்து வந்து இறங்கினார். அப்பா கம்பி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது பக்கத்தில் நின்ற துணி வண்டிக்காரர், நல்ல மனதோடுதான், "எங்களுக்கே போன உயிர் இப்பதான் திரும்பி வந்திருக்கு தாயி. விரிச்ச விரிப்பை எல்லாம் உங்க அக்காவும் நானும்தானே எடுத்தோம். அன்னியிலேர்ந்து அந்தம்மா தண்ணிகூடச் சரியாக் குடிக்கல" என்றார்.

அம்மாவுக்குக் கடைசி வாக்கியம் காதில் விழவில்லை. விரிப்பை எடுத்தோம் என்றதிலேயே நின்றுவிட்டார்.

அன்று மாலை பெரியம்மா வந்தபோது அம்மா கேட்டது இவ்வளவுதான்: "அப்போ அது அழுக்கு இல்லை, இல்லையா?"

"இல்லை."

"இனிமே என் வீட்டுத் துணியைத் தொடாதே."

அதுதான் அம்மா அவரிடம் பேசிய கடைசி வாக்கியம். நான் பிறந்தபோது பெரியம்மா மருத்துவமனைக்கு வந்தார். என்னைத் தூக்கிப் பார்த்தார். நான் ஈரமாக்கிய துணியை மாற்றப் போய், நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டு, அப்பாவைக் கூப்பிட்டார்.

புத்தகத்தின் நான்கு வரிகளில் கடைசி வரி இது: "குடும்பங்களுக்கு உரிய நேரத்தில் தகவல் தெரிவிக்கப்பட்டது." கேப்டனிடம் போய், இந்த வரியை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோப்புல அப்படித்தான் இருந்துச்சும்மா. நான் அப்போ வேற ஊர்ல இருந்தேன். தப்பா?"

"அன்னிக்கு வீட்டுல இருந்த ரெண்டு பேரை எனக்குத் தெரியும் சார்."

"அப்போ கேட்டு எழுது. ரெண்டு புத்தகத்துலயும் மாத்திடலாம். கப்பலைப் பத்தி எழுத ஆள் நிறைய இருக்கோம்."

மறுபடி பெரியம்மாவிடம் போனேன். இந்த முறை மழுப்பாமல் கேட்டேன். அம்மா சொன்னது, அப்பா சொன்னது இரண்டையும் சொன்னேன். அந்த வரியையும் படித்துக் காட்டினேன். வாசற்படியில் உட்கார்ந்து அவர் அதைக் கேட்டார். "உரிய நேரம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஏன் பெரியம்மா அழுக்குன்னு சொன்னீங்க? ஒண்ணும் சொல்லாமலே இருந்திருக்கலாமே?"

"அதான் முடியாது" என்றார் உடனே. பல வருடங்களாகப் பதிலைத் தயாராக வைத்திருந்தவரைப் போல இருந்தது. "நானும் அவளும் பேசாமலே பேசிக்கிட்டவங்க. அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா அதுவே அவளுக்குச் சேதி. புரிஞ்சுக்கிட்டிருப்பா. நீ வயித்துல இருந்தே. எழுந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். கையெழுத்துப் போட்டதை எல்லாம் அந்த நிமிஷம் நான் நினைக்கவே இல்லைடி. அவ படுத்திருக்கணும், அவ்வளவுதான். அதனால வாயைத் திறந்தேன். திறந்தா வந்தது அது."

"அதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்றது? கப்பல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் யாருக்கும் தெரியலைங்கறதுதான். அதைக் கொண்டுபோய் மாசமா இருக்கற ஒரு பொண்ணு கையில குடுக்கணுமா? அவ என்மேல கோபப்பட்டது சரிதான். பொய் சொன்னதுக்கு இல்லை. அவளையே அவ கிறுக்கின்னு நினைக்க வச்சுட்டேன் பாரு, அதுக்கு. அவ ஒரு தடவைகூடத் தப்பாப் படிச்சதில்லை. எல்லாத் தடவையும் சரியாத்தான் படிச்சா. படிச்சவளைப் பார்த்து, இதுல ஒண்ணுமே எழுதலைன்னு சொல்லிட்டேன்."

"இதை எழுதட்டுமா?"

"எழுது. நான் வாயைத் திறந்தது, துணி வண்டிக்காரர் சொன்னது, திரையைத் துவைச்சது எல்லாத்தையும் எழுது. என்னை நல்லவளாக் காட்டணும்னு எதையும் சேர்க்காதே."

நான் எழுந்து கிளம்பினேன். வாசல் வரை வந்தவர், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் தோளைத் தொட்டார்.

"நீ எழுதறதை எல்லாம் உங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவியாமே? உங்க அப்பா சொன்னார்."

"ஆமா பெரியம்மா. காதுல கேட்டாத்தான் எங்க இடறுதுன்னு தெரியும்."

"அவ குறுக்க பேசாமக் கேப்பாளா?"

"கடைசி வரைக்கும் கேப்பாங்க. அப்புறம்தான் குத்தம் சொல்லுவாங்க."

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றார் பெரியம்மா. பிறகு, என்னிடம் எந்த உதவியும் கேட்டுப் பழகாதவர், தட்டுத் தடுமாறிக் கேட்டார்:

"நான் நேர்ல போய்ச் சொன்னா அவ எழுந்து உள்ளே போயிடுவா. நீ வாசிச்சா உக்காந்திருப்பா. இதை வாசிக்கிற அன்னிக்கு எனக்குச் சொல்லி அனுப்பு. நான் வந்து ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ பாட்டுக்கு வாசி. நடுவுல நான் வந்திருக்கறதைப் பார்த்து அவ எழுந்திரிச்சாலும், நீ மட்டும் நிறுத்திடாதே."